விழுந்த மரம்

வக்ஃபுக் காட்டின் காவல்காரரை ஊரில் ஒருவருக்கும் பிடிக்காது. அவருக்கும் ஊரைப் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில்தான் இரு தரப்புக்கும் ஒற்றுமை. மர அறுவை மில்லில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர், இருபத்திரண்டு வருடமாக யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தார். 'எரிமலை' என்று பெயர் வைத்தார்கள்.

காட்டை இறைவன் பெயரால் எழுதிவைத்தவர் ஒரு மரவியாபாரி. பத்திரத்தில் இரண்டே வரி: 'நிற்கும் மரத்தில் எவரும் கை வைக்கலாகாது. விழுந்த மரம் ஏழைகளின் அடுப்புக்கு.' ஆயுசு முழுக்க வெட்டித் தீர்த்தவருக்குக் கடைசியில் வந்த ஞானம்.

வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லி, எரிமலையின் தங்கை புருஷன். சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். கதவு ஜன்னலுக்கென்று நாற்பது மரங்களைக் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தார். ஒருநாள் பொக்லைனைக் கொண்டுவந்து முதல் மரத்தைத் தள்ளினார்.

"வெட்டுனா தப்பு மச்சான். இது விழுந்திருக்கு. எப்படி விழுந்துச்சுன்னு பத்திரம் கேக்கல."

"தள்ளினது நீங்கதானே?"

"நான் தள்ளினேன், அது விழுந்துச்சு. இலக்கணம் தெரியாட்டி வாயை மூடிட்டு இரும். நாளைக்கு மத்தியானம் லாரி வரும். அப்புறம் பாக்கி முப்பத்தொம்பதும் தானா விழும்."

ஜமாஅத்தில் முறையிடலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் முத்தவல்லியின் சம்பந்திகள். மீதிப்பேர் சம்பந்தியாகக் காத்திருப்பவர்கள்.

விடிந்ததும் எரிமலை குடிசைத் தெருவில் போய் நின்று கத்தினார். "மரம் விழுந்திருக்கு! கோடாலியோட வந்து தொலைங்க!"

பச்சைக் கிளையை ஒடித்ததற்காக அவரிடம் நூறு தடவை வாங்கிக் கட்டிக்கொண்ட விறகுக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன பெரியவரே, எரிமலை குளுந்து போச்சா?"

"பல்லைக் காட்டாம வெட்டு. விழுந்தது உனக்கு. நிக்கிறதத் தொட்டே, கையை ஒடிப்பேன்."

மத்தியானம் லாரியோடு வந்த முத்தவல்லிக்கு இலைக்குப்பையும் மரத்தூளும் மிஞ்சின.

"மச்சான், என் கதவெல்லாம் எங்கே?"

"அடுப்புல. பத்திரத்துல அப்படித்தான் இருக்கு. இன்னும் முப்பத்தொம்பது இருக்கே, தள்ளுங்க. ஊரே காத்துக்கிட்டிருக்கு."

முத்தவல்லி பொக்லைனைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களின் கோடாலிகளைப் பார்த்தார். பொக்லைனைத் திருப்பி அனுப்பினார்.

"இந்த மாசத்துல இருந்து உமக்குச் சம்பளம் விழாது!"

"விழாட்டி நிக்கட்டும்" என்றார் எரிமலை, காட்டு வாசலின் கம்பிக் கதவை இழுத்து மூடியபடி. "நிக்கிறதுல எவனும் கை வைக்க முடியாது."