தொண்ணூற்றெட்டு மார்க் டயர்

அன்று காலை அங்கே நின்றவர்கள்: நான். என் மனைவி ஸ்டெல்லா. மகள் பிரின்சி, பதினொரு வயது. பக்கத்து வீட்டு டெனிஸ், எழுபதைத் தாண்டியவர். அவருடைய நாய். நடுவில் சக்கரம் வைத்த வீடு.

இங்கே அதை டிரெய்லர் என்கிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய், ஏரிக்கரையில் நாலு நாள் இருந்துவிட்டு வருவார்கள். டெனிஸ் தன் மனைவி இறந்தபின் அதைத் தொடவில்லை. எட்டு வருடம் மரத்தடியில் நின்றது. கேட்டி என்கிற இந்த ஊருக்குக் குடிவந்த நாள் முதல் ஜன்னல் வழியே அதைப் பார்க்கிறேன். ஒரு வீட்டை இப்படியா சும்மா போட்டுவைப்பார்கள் என்று முதலில் தோன்றியது. பிறகு பழகிவிட்டது.

ஸ்டெல்லா நர்ஸ். அவள் படிப்பை வைத்துத்தான் டெக்சஸ் வந்தோம். நான் ஒன்பதாம் வகுப்பு. திண்டுக்கல்லில் பதினாலு வருடம் லாரி. இங்கே ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். இரண்டாயிரத்தெட்டில் அவள் ஆஸ்பத்திரியில் ஆள் குறைத்தார்கள். அலைந்ததில் தூரத்து ஊர் ஒன்றில் ஆறு மாத வேலை கிடைத்தது. அங்கே காற்றாலை நட வந்த ஆட்கள் வாடகை அறை ஒன்று விடாமல் எடுத்துவிட்டார்கள். திங்கள் காலை ஏழு மணிக்கு அவள் வார்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் டெனிஸிடம் டிரெய்லரைக் கேட்டேன். தலையாட்டினார். பிரின்சிக்குப் பள்ளிக்கூடம் கேட்டியில், எனக்கு வேலை கேட்டியில். அவள் மட்டும் போகிறாள் என்று முடிவானது. யாரும் அழவில்லை. இட்லித் தட்டு நாலில் இரண்டை அவள் எடுத்து வைத்தாள்.

ஒரு வாரம் வேலை பார்த்தேன். குளவிக்கூட்டைத் தட்டினேன். எலி கடித்த லைட் வயரை மாற்றினேன். சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கில் காய்ந்திருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிது வைத்தேன். கொக்கி, பிரேக், சங்கிலி எல்லாம் பார்த்தாயிற்று. டயரில் பட்டன் தேயவே இல்லை. விரலை விட்டால் நகம் மறைகிற ஆழம். டெனிஸ் வேலி மேல் கையை ஊன்றி டயரைக் காட்டி, "நைன்டி எய்ட்" என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. "குட், குட்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பூசைக்குப் போகவில்லை. டிரெய்லரை மாட்டியபின்தான் ஒன்று உறைத்தது. டெனிஸிடம், "ஸ்டெப்னி வேர்?" என்று கேட்டேன்.

"ஸ்டெஃபனி? இன் டாலஸ்" என்றார். முகம் வாடிவிட்டது. போன்கூடப் பண்ணுவதில்லை என்றார்.

ஸ்டெப்னியை எதற்கு டாலஸில் வைத்தார், அது எதற்குப் போன் பண்ணும் என்று எனக்குப் புரியவில்லை. பிரின்சி என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, தட்ஸ் ஹிஸ் டாட்டர்." அவரிடம் திரும்பி ஸ்பேர் டயரைக் கேட்டாள். அது எப்போதோ போய்விட்டது என்றார்.

"ஸ்டெப்னி இல்லாமலா இவ்ளோ தூரம்?" என்றாள் ஸ்டெல்லா.

"தொண்ணூத்தெட்டு மார்க் டயர். ஏறு."

மீட்டரைச் சுழியாக்கி வண்டியை எடுத்தேன். ஐம்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. எண்பது மைல் தாண்டியிருக்கும். கண்ணாடியில் கறுப்பாக ஒன்று பறந்தது. அப்புறம்தான் சத்தம். டிரெய்லர் வலது பக்கம் படுத்து ஆட ஆரம்பித்தது. பிரேக்கில் கால் வைக்கவில்லை. வைத்திருந்தால் கவிழ்ந்திருக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைகிற வரைக்கும் இருந்து ஓரங்கட்டினேன். யாருக்கும் ஒன்றுமில்லை.

ஸ்டெல்லா இறங்கிப் போய்ப் பார்த்தாள். டயரில் ரப்பர் இல்லை. நூலும் கம்பியும் தொங்கின.

"பதினாலு வருஷம் லாரி ஓட்டினீங்களே, அதெல்லாம் நிக்கிற லாரியா?"

மணி எட்டு. ஞாயிற்றுக்கிழமை யார் கடை திறப்பார்கள்? பிரின்சி போனை வாங்கி ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். ஒரு மெக்சிகோக்காரர் வருகிறேன் என்றார். டயர் அளவை அவளே குனிந்து படித்துச் சொன்னாள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பெரிய லாரிகள் போகும்போதெல்லாம் டிரெய்லர் குலுங்கியது. உள்ளே பாத்திரங்கள் ஆடின. ஸ்டெல்லா அடிக்கடி வாட்சைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வந்த டயர்க்காரருக்கு இங்கிலீஷ் என் அளவுக்குத்தான் தெரியும். "டயர் ஓல்ட்?" என்றார்.

"நோ ஓல்ட். நைன்டி எய்ட்" என்றேன்.

அவர் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "டென் இயர்ஸ், அமிகோ!"

"அப்பா," என்றாள் பிரின்சி மெதுவாக, "அங்கிள் வாஸ் டெல்லிங் யூ தி இயர்."

அவர் அடுத்த டயருக்குக் கீழே படுத்து என்னையும் படுக்கச் சொன்னார். உள்பக்கச் சுவர் முழுக்கப் பித்தவெடிப்பு. விரலால் அழுத்தினார், வெடிப்பு வாய் திறந்தது. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஊரில் டயர் ஓடித்தான் சாகும். தேயும், பட்டன் ஒட்டுவோம், மறுபடி தேயும், மறுபடி ஒட்டுவோம். எட்டு வருடம் ஒரு டயரை நிற்க வைக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? நின்றே கெட்டுப்போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இங்கே வந்து ஏழு வருடம். நானும் சும்மா நின்றதில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய டிரெய்லரை இழுக்கப் போகிற நம் ஆட்களுக்குச் சொல்கிறேன். பட்டனைப் பார்க்காதீர்கள். வயசைக் கேளுங்கள்.

இரண்டு டயரும் ஒரு ஸ்டெப்னியும் மாட்டிக்கொண்டு, போய்ச் சேர மணி நாலு. டிரெய்லர்கள் வரிசையாக நிற்கிற மைதானம் அது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். கரண்ட், தண்ணீர் மாட்டினேன். ஸ்டெல்லா யூனிஃபார்மைத் தேய்த்து ஆணியில் தொங்கவிட்டாள். மைதானத்துப் பெண் ஒரு காகிதம் கொண்டுவந்தாள். வீட்டு முகவரி என்ற இடத்தில் ஸ்டெல்லா கேட்டி விலாசத்தை எழுதினாள். அந்தப் பெண் அதை அடித்துவிட்டு, இனி தபால் இங்கேதான் வரும், இந்த இடத்து நம்பரைப் போடு என்றாள். ஸ்டெல்லா போட்டாள்.

"வீட்டுக்குப் போனதும் போன் பண்ணுங்க" என்றாள் என்னிடம்.

"சரி. நீ வீட்டுக்குள்ள போ."

போகவில்லை. படியில் நின்றாள். பிரின்சி முன் சீட்டில் ஏறி அம்மாவின் பெல்ட்டைத் தன் அளவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். பின்னால் பாரம் இல்லாததால் வண்டி லேசாக ஓடியது. கிளம்பும்போது மீட்டரைப் பார்த்தேன்.

இருநூற்றுப் பதினாறு மைல்.