வீ.மா. குப்பி

தராசு என்று அவளுக்குப் பேர் வைத்தவர் ஸ்டோர்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கரண்டியில் அள்ளிய பொடியைப் பார்த்து "ரெண்டே கால் கிராம் இருக்கும்" என்றாள். சும்மா விளையாட்டுக்கு எடை போட்டுப் பார்த்தார். இரண்டே கால்தான். அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவளுக்குச் சொந்தப் பேர்.

உயிருள்ள செல்கள் சர்க்கரையை எப்படித் தின்று எப்படிச் செரிக்கின்றன என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை. கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. காற்று அடித்தால் பொடி பறக்கும் என்பதால் மின்விசிறி கிடையாது. நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு, பக்கத்தில் நீல அட்டை போட்ட எடை நோட்டு. யாருக்கு எந்தப் பொடி எவ்வளவு போனது என்று அதில் எழுதிவைப்பாள். பதினான்கு வருடம் அந்த அறைக்குள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள்.

அலமாரியில் இருந்த பொடிகளில் ஒன்றை மட்டும் எல்லாரும் தனியாகப் பார்த்தார்கள். டீஆக்ஸி குளுக்கோஸ். சர்க்கரையிலிருந்தே செய்வது; ஒரே ஒரு ஆக்சிஜன்தான் குறைவு. செல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சர்க்கரை வந்திருக்கிறது என்று கதவைத் திறந்து உள்ளே விடும். உள்ளே வந்ததும் தன் சக்தியைச் செலவழித்து அதன் மேல் ஒரு முத்திரையும் குத்தும். முத்திரை விழுந்த பிறகு அது செரிக்கவும் செரிக்காது, வந்த வழியே வெளியே போகவும் போகாது. நல்ல சர்க்கரைக்கும் வழி விடாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

மேல்மாடி ஆய்வாளர் ஒருவர் இதை விளக்கியபோது ஸ்டோர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "உள்ள வந்தாச்சு, உக்காந்தாச்சு, வேலையும் செய்யாது, வெளியவும் போகாது. வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுங்க."

பேர் ஒட்டிக்கொண்டது. குப்பியின் மேல் அமிலம் சிந்தி அச்சிட்ட சீட்டு கறைபட்டபோது, தராசு அதன் குறுக்கே வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி 'வீ.மா.' என்று எழுதினாள். எடை நோட்டிலும் அப்படியே எழுதினாள். மாடியிலும் கீழ்த்தளத்திலும் அர்த்தம் தெரியாத ஆள் கிடையாது, ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் ஆய்வகத் தலைவர். அன்றைய இயக்குநரின் மகளைக் கட்டிக்கொண்டு, இயக்குநர் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பேரைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? முகத்துக்கு நேரே அவர் சார். முதுகுக்குப் பின்னால் அவரும் ஒரு வீ.மா.தான்.

தராசு பதினான்கு வருடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்த விடுப்பு ஒன்றே ஒன்று. மகளுக்குக் காய்ச்சல் ஏறி, கண் மேலே செருகிவிட்டது. கணவன் பேருந்து ஓட்டப் போயிருந்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, சார் இரண்டு வருடமாக வளர்த்த செல்கள் தட்டோடு செத்துக் கிடந்தன.

விசாரணை கால் மணி நேரம் நடந்தது. கேட்டவர் மாமனார், சாட்சி மருமகன். முந்தின வாரம் தராசு செல்களுக்குக் கலந்துவைத்த உணவில்தான் பொடி மாறியிருக்க வேண்டும் என்றார் சார். அவள் இல்லை என்றாள். அலமாரியில் குப்பிகளுக்குச் சீட்டு எழுதியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். போதும் என்றார்கள். 'கவனக்குறைவால் பொடிகளை மாற்றிக் கலந்தார்' என்று அவளுடைய கோப்பில் ஒரு வரி ஏறியது. மறுநாளிலிருந்து அவளுக்குக் கழுவும் அறை.

கழுவும் அறைக்குத் தன் சாமான்களைத் தூக்கிப் போனபோது நீல அட்டை நோட்டும் துணிப்பையோடு வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் பிரித்துப் பார்த்தாள். அவள் இல்லாத முதல் நாளின் பக்கத்தில், அவளுடைய உருண்டை எழுத்துக்குக் கீழே, சாய்வான இன்னொரு எழுத்து. 'காலை 8.00. செல்களுக்கு உணவு. சர்க்கரைக் குப்பி காலி. வீ.மா. 5 கிராம்.' கீழே சாரின் கையெழுத்து.

வெள்ளைப் பொடியெல்லாம் சர்க்கரை என்று நினைத்துத் தானே கொடுத்திருக்கிறார், தன் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறார். என்ன கொடுத்தோம் என்று அவருக்கு இன்று வரைக்கும் தெரியாது.

நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்றாள். முடிந்த கதையைக் கிளற வேண்டாம் என்று எழுத்தரிடம் சொல்லி அனுப்பினார் சார். உள்ளே விட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? மாமனார் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, வீ.மா. என்றால் வீட்டோட மாப்பிள்ளை என்றா?

வீட்டில் கணவன் சொன்னான், "அதைக் கொளுத்திப் போடு. பாக்கப் பாக்கத்தான் எரியும்."

"எரியட்டும்" என்றாள்.

ஒன்பது வருடம். குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை, சோப்பில் ஒரு தடவை, காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை என்று கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினாள். கையுறைக்குள் வியர்த்து விரல் நுனிகள் வெடித்தன. கால் கிராமைக் கண்டுபிடித்த விரல் சூடு எது, குளிர் எது என்று தடவிப் பார்க்கிற நிலைக்கு வந்தது. சார் ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்த வாசலைக் கடந்து போவார். ஒவ்வொரு முறையும் அவள் குழாயை நிறுத்திவிட்டு எழுந்து நின்று வணக்கம் சொல்வாள். பார்ப்பவர்கள் மரியாதை என்று நினைத்தார்கள். தான் இங்கேதான் இருக்கிறோம் என்பதை அவர் ஒரு நாள்கூட மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுந்தாள்.

ஒரு நாள் மேல்மாடியிலிருந்து கழுவ வந்த காலிக் குப்பிகளோடு அதுவும் வந்தது. பிளாஸ்திரி பழுத்துப் போயிருந்தது, எழுத்து அழியவில்லை. கழுவ வந்த எல்லாவற்றையும் கழுவினாள். அந்த ஒரு குப்பியை மட்டும் கழுவாமல், நோட்டுக்குப் பக்கத்தில், பெரிய பீக்கர்களுக்குப் பின்னால் வைத்தாள்.

மாமனார் ஓய்வு பெற்றுப் போனார். இயக்குநர் நாற்காலிக்கு மருமகன் மனுப் போட்டார். ஆனால் இந்த முறை தேர்வு செய்ய வெளியிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. அவர் எழுதிய பெரிய கட்டுரைக்கு ஆதாரமான எடைக் கணக்குகள் எங்கே, அவற்றை எடுத்துவைக்கவும் என்று அந்தக் குழுவின் தலைவி முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். சாருக்கு அப்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது. ஸ்டோர்காரர் மூன்று நாள் அலமாரி அலமாரியாகத் தேடினார்.

நான்காம் நாள் கழுவும் அறையில் வந்து உட்கார்ந்தார். "அந்த நீல நோட்டு கிடைக்கலைன்னா ஆளு காலியாம். எனக்குக்கூடப் பாவமா இருக்கு, தராசு."

அவள் குடுவையைக் கவிழ்த்து வைத்தாள். ஒளித்துவைத்தால் அவர் தோற்றுப்போவார், அவ்வளவுதான். நோட்டைத் தொலைத்த துரதிர்ஷ்டசாலி என்று நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். அந்த உச்சுகூட அவருக்குக் கிடைக்கக் கூடாது.

ஸ்டோர்காரர் போன பிறகு நோட்டை எடுத்தாள். நீல அட்டையில் அவளுடைய முழுப் பேரும், சேர்ந்த தேதியும் இருந்தன. பேனாக்கத்தியால் தையலை அறுத்து அட்டையைத் தனியாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சொந்தப் பேரைத் தானே அறுத்த அந்த நிமிடம் மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அட்டையில்லாத நோட்டைத் துடைத்து, சாரின் மேசைக்கே கொண்டுபோய் வைத்தாள்.

"பழைய டப்பாக்களுக்கு நடுவுல கிடந்துச்சு சார்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். நடுவில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இழுப்பறையிலிருந்து தன் பேரும் பதவியும் பொறித்த வட்ட முத்திரையை எடுத்து, முதல் பக்கத்தில் குத்தினார். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். அவள் வாசல் வரைக்கும் நடந்து, திரும்பி நின்று பார்த்தாள். அந்தச் சத்தம் அவள் கழுவும் அறைக்குப் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அன்று மத்தியானம் அவளுக்குப் பசித்தது.

குழு வந்த அன்று, கூட்ட அறைக்குக் கண்ணாடித் தம்ளர்களைக் கொண்டுபோய் வைக்கும் வேலை அவளுக்கு. வைத்தவள் சுவரோரமாக நின்றுவிட்டாள். பொருள் பட்டியலோடு ஸ்டோர்காரரும் நின்றுகொண்டிருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை.

தலைவி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். உதவியாளர்தான் எழுதியது போலிருக்கிறதே என்றார். சொன்னது நான், எழுதியது மட்டும்தான் அவர்கள் என்றார் சார். ஒவ்வொரு எடையும் தன் கண் முன்னால் போட்டது, சுருக்கப் பேர்கள்கூடத் தானே வைத்தவை என்றார். வேண்டுமானால் பாருங்கள் என்று அந்தப் பக்கத்தை அவரே எடுத்துக் காட்டினார். "இங்க நானே என் கையால எழுதியிருக்கேன்."

தலைவி குனிந்து படித்தார். "வீ.மா.ன்னா என்ன?"

சார் தயங்கவே இல்லை. "வீரிய மாவுச்சத்து. சுத்தமான, வீரியம் அதிகமான சர்க்கரை. நாங்க வச்ச பேரு."

ஸ்டோர்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைவி இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார், மூன்று பக்கம் முன்னால் புரட்டினார். மேல்மாடிக்கு வாரா வாரம் இருநூறு மில்லிகிராம் வீ.மா. போயிருக்கிறது, சர்க்கரையை யாராவது இவ்வளவு கஞ்சத்தனமாக வாங்குவார்களா என்று கேட்டார். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைவி சுவரோரம் பார்த்தார். "அந்தக் குப்பி எங்கயாவது இருக்கா?"

"இருக்குதும்மா" என்றாள் தராசு.

நடந்துதான் போனாள். ஓட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் நடந்துதான் போனாள். குப்பியைக் கொண்டுவந்து மேசையில், சாருக்கு நேர் எதிரே வைத்தாள். தலைவி பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தார். அடியில் கறைபட்ட சீட்டு. பாதி எழுத்தே போதுமானதாக இருந்தது.

"டீஆக்ஸி குளுக்கோஸ்" என்று படித்தார். நோட்டில் அந்தத் தேதியைத் திரும்பப் பார்த்தார். "அஞ்சு கிராம். வேற சர்க்கரையே இல்லாம. ஏங்க, இதைக் குடுத்தா செல் என்ன ஆகும்?"

சார் தம்ளரை எடுத்துக் குடித்தார். அவருடைய முத்திரை அந்தப் பக்கத்தின் மூலையில் கறுப்பாக, ஈரம்போலப் பளபளத்தது. தலைவி தராசின் பக்கம் திரும்பி, இதற்கு ஏன் வீ.மா. என்று பேர் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதும், பேருந்தில் நிற்கும்போதும், மகளுக்குத் தலைவாரும்போதும் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சாரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னாள்.

"வீட்டோட மாப்பிள்ளைம்மா. உள்ள வரும், உக்காரும். வேலையும் செய்யாது, வெளியவும் போகாது. தானும் தின்னாது, மத்தவங்களையும் தின்ன விடாது. இங்க எல்லாருக்கும் தெரியும். சாருக்கு முன்னாடி மட்டும் யாரும் சொல்றதில்லை."

கூட்ட அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இனித்தது. சிரித்திருந்தால் நகைச்சுவையாகப் போயிருக்கும்.

பைக்குள்ளிருந்து நீல அட்டையை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள். அட்டையின் அறுந்த தையலும் நோட்டின் தையலும் பொருந்தின. அறுத்தது யார் என்று தலைவி கேட்டார். நான்தான் என்றாள். தலைவி அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அதையும் குறித்துக்கொண்டார்.

நாற்காலி வேறு ஒருவருக்குப் போனது. பொடிகளை மாற்றியதாக அவளுடைய கோப்பில் இருந்த வரியை அடித்துவிட்டார்கள். அட்டையை அறுத்ததற்குப் புதிதாக ஒரு கண்டிப்பு ஏறியது. அந்த வரியைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. அது அவள் செய்த காரியம்.

ஒரு வாரம் கழித்துச் சார் கழுவும் அறை வாசலில் நின்றார். இந்த முறை அவள் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே நீங்க" என்றார். முதல் முறையாக 'நீங்க' என்றார்.

"சீட்டு எழுதினது யாருன்னு கேட்டீங்க சார். என்ன எழுதியிருக்குன்னு கேக்கலையே."

அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

எடை போடும் அறைக்கு அவள் திரும்பிய அன்று, கரண்டியில் பொடியை அள்ளிப் பார்த்து இரண்டு கிராம் என்றாள். கூண்டுத் தராசு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ஸ்டோர்காரர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி அள்ளினாள். விரல் வெடிப்புகளில் பொடி ஏறி எரிந்தது. அதற்கும் சேர்த்துத்தான் சாரை அந்தக் கூட்ட அறையில் உட்கார வைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லியும் எரிச்சல் அடங்கவில்லை.

புது இயக்குநர் முதல் வேலையாகச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். இனி எந்தக் குப்பியிலும் சுருக்கம் எழுதக் கூடாது, அச்சிட்ட சீட்டை மறைக்கக் கூடாது, வேறு பேர் புழக்கத்தில் இருந்தால் அதையும் முழுசாக எழுதிவைக்க வேண்டும். மத்தியானம் டீஆக்ஸி குளுக்கோஸ் புதுக் குப்பி வந்தது. தராசு அச்சிட்ட சீட்டுக்குக் கீழே, எதையும் மறைக்காமல், பிளாஸ்திரியை நேராக ஒட்டினாள். பேனாவை எடுத்தாள்.

உத்தரவுப்படி முழுப் பேரையும் எழுதினாள்.