ஏழே முக்கால் மணிக்கு நாலு கேள்வி

அப்பா இறந்த நாற்பத்தோராவது நாள் ஹரிராம் ஒரு முடிவெடுத்தான். இனிமேல் வாழ்க்கையைக் கவனத்தோடு வாழ்வது.

அதுவரை எப்படி வாழ்ந்தான் என்று கேட்டால், லிஃப்டுகளைக் கவனித்துக்கொண்டு வாழ்ந்தான். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள் அவன் பொறுப்பு. எந்தக் கட்டடத்தில் எந்த மாடிக் கதவு முனகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மனைவி காவ்யஸ்ரீ மூக்குக் கண்ணாடி மாற்றியதை மட்டும் மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தான்.

முடிவுக்குக் காரணம் ஒரு போன். இறந்த அன்று காலை பதினொன்று பத்துக்கு அப்பா கூப்பிட்டார். ஹரிராம் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மெஷின் ரூமில், பிரேக்கைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். “அப்புறம் பேசுறேன்ப்பா” என்று வைத்துவிட்டான். நான்கு நொடி. போனில் பதிவாகியிருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எதற்குக் கூப்பிட்டார் என்று தெரியாது. அந்தப் போனைப் பற்றி ஹரிராம் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவே இல்லை.

அப்பாவிடம் விட்டதை அம்மாவிடம் விடக்கூடாது. திட்டம் இவ்வளவுதான். ஆனால் ஹரிராமுக்கு எதையும் இவ்வளவோடு விட்டுப் பழக்கமில்லை. நிதானமாக வாழ்வது எப்படி என்று பதினான்கு வீடியோ பார்த்தான். நேரம் போதாததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தான். ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும் என்றார் ஒருவர். திருமங்கலம் வீட்டில் காலை இட்லியை அப்படி மென்றான். ஆறாவது முறை மெல்லும்போதே இட்லி காணாமல் போயிற்று. மீதி இருபத்தாறையும் வெறும் வாயில் மென்று முடித்தான். காவ்யஸ்ரீ தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நிலைத்தது ஒன்றுதான். தினமும் காலை ஏழே முக்காலுக்கு அம்மாவுக்குப் போன்.

அம்மா சாரதாம்பாள் மதுரை முனிச்சாலையில் பழைய வீட்டில் தனியாக இருந்தாள். திருமங்கலத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். ஹரிராம் லிஃப்ட் சர்வீஸ் படிவத்தை எடுத்து, பிரேக், ரோப், கதவு சென்சார், ஆயில் என்ற நாலு கட்டத்தையும் அழித்துவிட்டு, தூக்கம், மாத்திரை, சாப்பாடு, தேவை என்று போட்டுக்கொண்டான். எதிரே தேதி. சரி என்றால் டிக்.

முதல் வாரம் டிக் போடுவது கஷ்டமாக இருந்தது. தூங்கினாயா என்று கேட்டால், அம்மா அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் எதிர்வீட்டு நாயிலிருந்து ஆரம்பிப்பாள். அது குரைத்தது, அதற்கு யாரும் சோறு வைக்கவில்லை, வைக்க வேண்டியவள் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். பதினேழு நிமிடம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

“தூங்குனியா இல்லையா, ஒண்ணு சொல்லும்மா” என்றான். படிவம் தமிழில் இருந்ததால் கேள்வியும் தமிழுக்கு மாறியது.

மூன்றாம் வாரத்திலிருந்து பதில்கள் சுருங்கின. தூங்கினேன், போட்டேன், சாப்பிட்டேன், ஒன்றும் வேண்டாம். மொத்தம் ஐம்பது நொடி. அம்மா தேறி வருகிறாள் என்று காவ்யஸ்ரீக்கு ஹரிராம் ஒரு கிராஃப் போட்டுக் காட்டினான். அவள் கிராஃபைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

இத்தனைக்கும், வெறும் டிக் எப்படிப்பட்டது என்று ஹரிராமுக்குத் தெரியாததல்ல. மெஷின் ரூமுக்கு ஏறாமல் கீழே டீக்கடையில் நின்றே படிவத்தை நிரப்புகிறவர்களைப் பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். அந்த வாரம்கூட டெக்னீஷியன் சிவபாண்டியைப் பிடித்திருந்தான்.

“மாப்ள, மேல ஏறுனியா?”

“ஏறுனேண்ணே.”

“பிரேக் எப்படி இருக்கு?”

“கும்முன்னு இருக்குண்ணே.”

“போன மாசம் மெஷின் ரூம் கதவிடுக்குல ஒரு தீக்குச்சி வச்சுட்டு வந்தேன். கதவத் தொறந்தா விழுந்துரும். இன்னும் அப்படியே இருக்கு.”

சிவபாண்டி கொஞ்சம் யோசித்தான். “அது வேற தீக்குச்சியா இருக்கும்ணே.”

ஹரிராம் அவனுக்கு அரைமணி நேரம் பொறுப்பைப் பற்றிப் பேசினான். நன்றாகவே பேசினான்.

மறுநாள் இருவரும் வேனில் சமயநல்லூர் போய்க்கொண்டிருந்தார்கள். ஹரிராம் ஓட்டினான். மணி ஏழே முக்கால் ஆனதும் போனை ஸ்பீக்கரில் போட்டு, நாலு கேள்வி கேட்டு, நாலு பதில் வாங்கி, வைத்தான்.

“யாருண்ணே அது?” என்றான் சிவபாண்டி.

“எங்கம்மாடா.”

“உங்கம்மாவா? உங்கப்பா இருக்கையில நீங்க வீட்டுக்குப் பேசுனா எனக்கு ஒரு எழவும் புரியாதுண்ணே. இவுக ‘ராவு நல்லா ஒறங்குனேன்’ங்கிறாக. அச்சு அசலா எங்க உசிலம்பட்டிப் பேச்சு.”

ஹரிராம் வேனை ஓரம் கட்டினான்.

“எங்க ஆத்தா குரல் மாதிரியே வேற இருக்கு” என்றான் சிவபாண்டி.

எத்தனை நாளாக? ஹரிராம் படிவத்தைப் புரட்டினான். வரிசையாக டிக். எந்தத் தேதியில் அம்மா போய் வேறு யாரோ வந்தார்கள் என்று அதில் தெரியவில்லை. மெஷினையே மாற்றி வைத்திருக்கிறார்கள், சர்வீஸ் பார்த்தவன் சரி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

மறுநாள் காலை முனிச்சாலைக்குப் போனான். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஏழே முக்காலுக்குப் போன் செய்தபடி நடந்தான். வீட்டு வாசலில் அம்மா அடிபம்பை அடித்துக்கொண்டிருந்தாள். கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏழு மணிக்கு வரும், எட்டுக்கு நிற்கும். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது நினைவில்லை. அப்பா இருந்தவரை அவர் அடித்தார், அம்மா தூக்கினாள். இப்போது இரண்டையும் அம்மா செய்தாள்.

வாசல் படியில் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி உட்கார்ந்து அம்மாவின் போனைக் காதில் வைத்திருந்தாள்.

“ராவு தூங்குனியாம்மா?”

“ஒறங்குனேன்ப்பா.”

“மாத்திரை?”

“போட்டாச்சு. மஞ்சக் கலரு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு.”

அம்மாவின் மாத்திரை என்ன நிறம் என்று யோசித்தான். தெரியவில்லை.

“சாப்பிட்டியா?”

“ரெண்டு தோசை.”

“ஏதாச்சும் வேணுமா?”

“ஒண்ணும் வேணாம்ப்பா. நீ பாத்து வண்டி ஓட்டு” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த செல்லக்கிளி, எதிரே காதில் போனோடு நிற்பவனைப் பார்த்தாள். போனுக்குள்ளேயே சொன்னாள்: “அக்கா, தம்பி வந்துருக்கு.”

அம்மா கைப்பிடியை விடவில்லை. “நில்லு, எட்டு மணிக்குத் தண்ணி நின்னுரும்.”

ஹரிராம் கைப்பிடியை வாங்கி அடித்தான். “எம்புட்டு நாளாம்மா இது?”

“ஒரு மாசம் இருக்கும். தண்ணி வார அன்னைக்கு மட்டும்தான் முதல்ல குடுத்தேன். நீ கண்டுபிடிக்கல. சரின்னு மத்த நாளும் குடுத்துட்டேன்.”

“அக்காவத் திட்டாதீக தம்பி” என்றாள் செல்லக்கிளி. “நான்தான் கேட்டு வாங்குனது. என் மகன் திருப்பூர்ல இருக்கான், தீபாவளிக்குத்தான் பேசுவான். சாப்பிட்டியான்னு ஒருத்தர் டெய்லி கேக்குறது நல்லாருந்துச்சு. பொய் சொல்லக்கூடாதுன்னு அந்நேரத்துக்குள்ள சாப்பிட்டு மாத்திரையையும் போட்டுருவேன். பிரஷர் கொறஞ்சுருக்குன்னு டாக்டரம்மாவே சொல்லுச்சு.”

ஆக, அவனுடைய கவனத்தால் ஒருவர் உடம்பு நிஜமாகவே தேறியிருந்தது. ஆள்தான் வேறு.

தண்ணீர் நின்றது. செல்லக்கிளி தன் குடத்தோடு போனாள். ஹரிராம் ஏழு குடங்களையும் உள்ளே கொண்டுபோய் வைத்தான். நாலாவதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மா எப்படித் தூக்கினாளோ.

“தண்ணி அடிக்க முடியலன்னு என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“எந்தக் கேள்விக்குச் சொல்றது?” என்றாள் அம்மா. “நீ கேட்ட நாலுல அது இல்லையே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஹரிராம் கூடத்தில் தரையில் உட்கார்ந்தான். அம்மாவும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். அந்த நாலு கேள்விகளையும் தான் எப்படிப் பொறுக்கினான் என்று அப்போது அவனுக்குப் புரிந்தது. எந்தக் கேள்விக்கும் அப்பாவைப் பற்றிய பேச்சு வராது. பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான்.

சௌராஷ்டிரத்திலேயே சொன்னான். பல வாரமாகப் பேசாததால் சொற்கள் தட்டின.

“அன்னைக்கு அப்பா எனக்குப் போன் பண்ணாரும்மா. பதினொண்ணு பத்துக்கு. அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டேன்.”

அம்மா பிழிவதை நிறுத்தினாள்.

“என்ன சொன்னாரு?”

“சொல்ல விடல.”

அம்மா முந்தானையை மடியில் விட்டாள்.

“எனக்கும் பண்ணாரு. பதினொண்ணு அஞ்சுக்கு. மார்க்கெட்ல வெண்டைக்காய் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். வீட்டுக்குத்தானே போறோம்னு எடுக்கல. வந்து கேட்டா ஒண்ணுமில்லைன்னுட்டாரு.” மூச்சு வாங்கினாள். “அவரு போன்ல உன் பேரு இருந்துச்சு. பாத்தேன். உன்கிட்ட ஏதோ சொல்லிருக்காருன்னு நெனச்சேன். நீயாச் சொல்வேன்னு தெனமும் போனை எடுத்தேன். நீ தூங்குனியா, சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்தே. பெறகுதான் செல்லக்கிளிகிட்ட குடுத்தேன்.”

அம்மா ஹரிராமின் முட்டியில் கையை வைத்தாள். ஆறுதலுக்கா, எழுந்திருக்கவா என்று தெரியவில்லை. எழுந்திருக்கவில்லை.

பிறகு அம்மா பேச ஆரம்பித்தாள். அன்று காலையிலிருந்து. அப்பா காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்றது, பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டது, திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்றதற்கு வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்றது. நடுவே எதிர்வீட்டு நாயும் வந்தது. அந்த மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது.

ஹரிராம் கேட்டான். முழுக்கக் கேட்டான் என்று சொல்ல முடியாது. எஸ்.எஸ்.காலனியில் மாற்ற வேண்டிய ரோப் ஒன்றுக்கு மூன்று முறை மனம் ஓடிப்போனது. மூன்று முறையும், “என்ன சொன்னே?” என்று கேட்டான். அம்மா முதலிலிருந்து சொன்னாள்.