முனையக்காவுக்கு நான் எழுதிய இரண்டு வரி

முனையக்காவைப் பற்றி நான் முதலில் எழுதியது இரண்டே வரி. அதற்கு நாற்பது பேர் கைதட்டினார்கள். இப்போது எழுதுவதற்கு யாரும் தட்ட வேண்டாம், கேட்டால் எனக்கு உடம்பு கூசும்.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். கட்டடத்தின் கீழ்த்தளம், சன்னல் கிடையாது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் உலர்த்தும் இயந்திரங்கள், கடைசியில் நீளமான மேஜைகள். அங்கேதான் மடிப்பு. படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக ஒழுங்காக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. ஒன்பது வருஷம் அக்காவும் நானும் அப்படி நெருங்கி விலகியிருக்கிறோம். கட்டின புருஷன் முகத்தைக்கூட நான் அத்தனை தடவை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

அக்கா பிடித்தால் நாலு முனையும் ஒட்டவைத்தாற்போல் சேரும். அதனால் முனையக்கா. என்னைவிட ஆறு வயது பெரியவர். சிரிப்பு வந்தால் கையில் இருக்கும் துணியால் வாயைப் பொத்திக்கொள்வார். எனக்கு அங்கே 'பாட்டு' என்று பெயர். வாயைத் திறந்தால் எதுகை கொட்டும். அதில் எனக்குத் திமிரும் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே அக்காவின் ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வார்டுக்கும் எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை என்று காலையில் சீட்டு வரும். அதைப் பார்த்துத்தான் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். அக்கா தினமும், "கண்ணாடிய வீட்லயே வச்சுட்டேன், நீ படிடி" என்பார். ஒருநாள் கிழிந்த உறை ஒன்று வந்தது. அக்கா நூலை நாக்கில் நனைத்து, ஒரே குத்தில் ஊசியில் கோத்தார்.

"ஏன்க்கா, சீட்டு மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒரு வருஷந்தான் பள்ளிக்கூடம் போனேன். எனக்குக் கீழ நாலு பேரு. யாராச்சும் இடுப்புல தூக்கி வச்சுக்கணும்ல? கையெழுத்து போடுவேன், அதுவும் படம் வரையற மாதிரி. என் பொண்ணுக்கே தெரியாது. உன் வாய் ஓட்டை வாய்னு தெரியும். இத மட்டும் உள்ள வச்சுக்கடி."

"சத்தியமா வெளிய விடமாட்டேன்க்கா" என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து சீட்டில் இருப்பதைப் பாட்டாகவே பாட ஆரம்பித்தேன்.

"எட்டு விரிப்பு, ஏழு உறை,
கட்டுப் போடும் வார்டுக்கு!
ஆறு விரிப்பு, அஞ்சு துண்டு,
பேறு பார்க்கும் வார்டுக்கு!"

நான் ஏதோ குஷியில் பாடுவதாக எல்லோரும் நினைத்தார்கள். அக்கா காதில் வாங்கி அடுக்கிக்கொண்டே போவார். எண் மாறினால் எதுகையும் மாற வேண்டும் அல்லவா, அதற்காக ஒரு நோட்டுப் போட்டேன். சொல்லின் இரண்டாவது எழுத்தைப் பிடித்துக்கொண்டு முதல் எழுத்தை மட்டும் வரிசையாக மாற்றிப் பார்ப்பேன். ஏழு, கூழு, பாழு, வாழு. பேருந்தில் உதட்டை அசைத்துக்கொண்டே வருவேன், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். ஏழு வருஷத்தில் ஒரு வார்டுக்கும் ஒரு துண்டு குறையவில்லை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு ஆளுக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு எங்கள் மேற்பார்வையாளர் அம்மா ஓய்வு பெறும் நாள் வந்தது. அடுத்து மூத்தவர் அக்காதான். நிர்வாக அதிகாரியும் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்த வேலை கௌரவத்துக்காக வேண்டியிருக்கவில்லை, முழங்காலுக்காக வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆனால் இரண்டு முழங்காலும் வீங்கிவிடும். மேற்பார்வையாளருக்கு ஒரு மேஜை உண்டு, ஒரு நாற்காலி உண்டு.

"பயமாத்தான் இருக்கு. ஒரு ஆறு மாசம் நீ பக்கத்துல இருந்து சமாளிச்சுக் குடு. அதுக்குள்ள எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பழகிடறேன்" என்றார்.

"நான் இருக்கேன்ல, அப்புறம் என்னக்கா?" என்றேன்.

பிரிவுபசார விழாவில் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வாசிக்கும்படி என்னிடம் சொன்னார்கள். கேட்கவா வேண்டும்? முதல் நாள் சாயங்காலம் சமையல்கட்டில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. அக்காவின் முறை வந்ததும் முதல் வரி தானாக விழுந்தது. 'முனை நாலும் சேர்ப்பதிலே அக்காவுக்கு நிகர் யாரு?' அடுத்த வரிக்கு வினை, சுனை, பனை, தினை என்று தேடி, மனை கிடைத்தது. 'மனை நாலு வாங்கினாலும் மடித்துத்தான் வைப்பாரு!' எழுதி முடித்தபோது லேசாகச் சிரிப்பு வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்து 'துணை' வந்து நின்றது. முனைக்குத் துணை சரியான எதுகைகூட இல்லை. முனையில் இரண்டு சுழி 'ன', துணையில் மூன்று சுழி 'ண'. வேறு யாராவது எழுதியிருந்தால் நானே கேலி பேசியிருப்பேன். 'துணை இல்லாமல் சீட்டை மட்டும் படிக்கச் சொல்லிப் பாரு!' என்று எழுதினேன். எழுதிவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டையும் என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். மனைக்கு அவர் "ம்" என்று தலையாட்டினார். துணைக்குப் பலமாகச் சிரித்துவிட்டு, "ஏன், அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டார்.

நான் பொங்கி வழிந்த பாலைத் துடைக்கப் போனேன்.

"அப்ப அது வேணாமே" என்றார்.

"சும்மா தமாஷுக்குத்தான்" என்று சொல்லி, இரண்டையும் ஒரே தாளில் நகல் எடுத்துக்கொண்டேன். மனை மேலே, துணை கீழே.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் விழா. இஸ்திரி போடும் ஆவி அண்ணனில் தொடங்கினேன். "ஆவி பறக்க ஊர்த்துணி எல்லாம் அண்ணன் தேய்ப்பாரு, தாவி ஓடி வரும்போது சொந்தச் சட்டையைப் பாரு!" அண்ணன் தன் கசங்கிய சட்டையைத் தானே தூக்கிக் காட்டினார், அறை அதிர்ந்தது. முன்வரிசையில் நிர்வாக அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆளுக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் நிமிரவே இல்லை. எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. இந்த மனிதரைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அக்காவின் முறை வந்தது. தாளில் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருந்ததைப் படித்தேன்.

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "அட, நிஜமாவா?" என்று யாரோ கேட்டார்கள். அக்காவும் சிரித்தார். கையில் துணி இல்லாததால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளின் வரிகளைப் படித்தேன்.

மறுநாள் காலை அதிகாரி அக்காவை அறைக்குக் கூப்பிட்டு ஒரு சீட்டை நீட்டினாராம். "சும்மா, ஒரு தடவ படிங்க பாப்போம்." அக்கா "கண்ணாடிய..." என்று தொடங்கி, அதற்கு மேல் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். நாற்காலிக்கு வேறு கட்டடத்திலிருந்து ஆள் வந்தது. ஆவி அண்ணனின் மகளும் அக்கா மகளும் ஒரே பள்ளி. அவள் மூலம் விஷயம் தெரிந்து அக்கா மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, என் மார்க் அட்டையில என்னத்தப் பாத்துக் கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டாளாம். அக்கா வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

என் புத்தி அப்போதும் எங்கே போனது தெரியுமா? மன்னிப்பைப் பாட்டாக எழுதியது! நாலு நாள் உட்கார்ந்து பதினாறு வரி, வழவழத் தாளில், முத்து முத்தான எழுத்தில். அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அக்கா வாங்கித் தடவிப் பார்த்தார்.

"என்னடி இது?"

"மன்னிப்புக்கா."

"படிச்சுக் காட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிக்கத் தெரியாது என்று ஊருக்கே சொல்லிவிட்டு, அவர் கையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினாறு வரியையும் படித்தேன். ஒவ்வொரு வரியும் அழகாகச் சேர்ந்தது. காது இரண்டும் கொதித்தன. வாசலில் அவர் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா தாளை வாங்கி முனையோடு முனை சேர்த்து மடித்தார். பிறகு, "விடுடி. பாட்டுன்னா சொல்லு சேரணும்ல. வேற சொல்லு கெடைச்சிருந்தா நீ அதச் சொல்லியிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன?" என்றார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாக்கா" என்றேன்.

அடுத்த வாரமே அக்கா என் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டார். யாராவது என்னைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவ என்ன பண்ணுவா பாவம், வேற சொல்லு கெடைக்கல" என்று எனக்காகச் சண்டை பிடிப்பார். நான் அங்கேயே நின்று உறைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இப்படி இரண்டு வருஷம். நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். சீட்டை இப்போது வெறுமனே படிக்கிறேன், இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

போன வாரம் மடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு, "முன்ன மாதிரி பாடேன்டி. வலி தெரியாம வேல ஓடும்" என்றார்.

வாயைத் திறந்தேன். பாட்டு வரவில்லை.

"அக்கா, வேற சொல்லு இருந்துச்சு."

"எதுக்கு?"

"அன்னிக்கு. உங்க பாட்டுக்கு." முழுசாகச் சொன்னேன். "முனை நாலும் சேர்ப்பதிலே அக்காவுக்கு நிகர் யாரு? மனை நாலு வாங்கினாலும் மடித்துத்தான் வைப்பாரு!"

அக்கா விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. "நாலு மனையா! மடிச்சு எங்கடி வைப்பேன், பீரோலயா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை பாதியில் நின்றது.

"இத எப்ப எழுதின?"

"அதுக்கு முந்தின நாளு."

"படிக்கறப்ப கையில இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. அதே தாள்ல. மேல."

அக்கா விரிப்பின் முனையைச் சரிசெய்தார். "இதுக்கும் சிரிச்சிருப்பாங்கல்ல?"

"சிரிச்சிருப்பாங்க. கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சம் உனக்குப் பத்தலையா?"

நான் குனிந்து அடுத்த விரிப்பை எடுத்தேன்.

"பிடி" என்றார். இன்னும் நாற்பது விரிப்பு இருந்தன. நாற்பது தடவையும் நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்தார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.