இரண்டு ரப்பர் வளையங்கள்

என் கார் நோட்டில் ஆவணி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதியிருப்பது இது: "காலை 9.10. டீசல் ஃபில்டர் மாற்றம். பழையதைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைத் துடைத்தது நான். புதியதை மாட்டியது சகலை. கைப்பம்ப் அடித்துக் காற்றை எடுத்த பிறகு ஒரே சாவியில் ஸ்டார்ட். பத்து நிமிடம் ஓடவிட்டோம். கசிவு இல்லை."

சகலை என்பவர் என் மனைவியின் தங்கை கணவர். சூலூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. விசைத்தறி பழுது பார்க்கிறவர். அவருடைய விரல்கள் ஒரு போல்ட்டைத் தொட்டாலே அதன் அளவைச் சொல்லிவிடும். என் விரல்களுக்குப் பேனாதான் பழக்கம். எந்த வேலையை யார் செய்தார், எப்போது செய்தார் என்று எழுதாமல் எனக்கு ஆகாது.

"ஏனுங்க சகலை, நான் கொட்டாவி உட்டதையும் எழுதிப்போட்டீங்களா?" என்று அன்று கேட்டார்.

"எழுதியாச்சுங்க. ஒன்பது முப்பத்தஞ்சுக்கு."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி டம்ளர்களை பானெட் ஓரத்தில் வைத்தாள். "ஒர்க்‌ஷாப்புல உட்டா அரை மணி நேர வேலைங்க மாமா. நீங்க ரெண்டு பேரும் பொழுதுக்கும் இதுக்குள்ளயே தலைய உட்டுட்டுக் கெடங்க."

அடுத்த புதன்கிழமை காலை எட்டரைக்குக் கொடுமுடியிலிருந்து சகலையின் அக்கா போன் செய்தார். அவர்களுடைய அம்மா நான்கு நாளாக அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். "தண்ணி எறங்க மாட்டேங்குது. உன்னையத்தான் தேடுது. சீக்கிரம் வா கண்ணு." சகலை ஒரே மகன். கடைசி வாய்த் தண்ணீர் அவர் கையால் போக வேண்டும். போனை வைத்தபின் அவர் சொன்னது அது ஒன்றுதான். எட்டு நாற்பதுக்கு என் காரில் இருவரும் கிளம்பினோம்.

காங்கேயம் தாண்டி முத்தூர் ரோட்டில் போகும்போது வண்டி இழுக்காமல் திணறியது. இரண்டு முறை குலுங்கி நின்றது. மணி சரியாகப் பத்து. பானெட்டைத் தூக்கினோம். கைப்பம்ப் தொளதொளவென்று இருந்தது. டீசலோடு காற்று போகிறது என்று அர்த்தம். சகலை பம்ப் அடித்தார். ஸ்டார்ட் ஆனது. ஒரு கிலோமீட்டர் ஓடி மறுபடி நின்றது. மறுபடி அடித்தார். ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. கை காட்டியிருக்கலாம். காற்றை எடுத்துவிட்டால் ஓடிவிடும் என்று இருவருமே நம்பினோம்.

மூன்றாவது முறை நின்றபோது அவர் பம்பிலிருந்து கையை எடுத்தார். "எங்கீங்க காத்து இழுக்குது? ஞாயித்துக்கிழம நல்லா ஓடுச்சே?"

நான் நோட்டை எடுத்தேன். அந்த நேரத்தில் அதை ஏன் எடுத்தேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எடுத்து, படித்தும் காட்டினேன். "புதுசு மாட்டுனது நீங்கதானுங்க. இங்க எழுதியிருக்குது."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆமாங்க. நாந்தான் மாட்டுனேன்" என்றார். திரும்பவும் பம்ப் அடிக்க ஆரம்பித்தார்.

நின்று நின்று பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி நிற்காமல் ஓடியிருந்தால் பதினொன்றுக்குள் போயிருப்போம். அம்மா இல்லை. அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். சகலை அதை மூடிய உதட்டின் மேல் ஊற்றினார். அது வழிந்து கழுத்தில் இறங்கியது. முந்தானையால் துடைக்கப் போன அக்காவைத் தடுத்து, தன் சட்டையைக் கழற்றி அதனால் துடைத்தார்.

இரண்டு நாள் கழித்து வண்டியை மெல்ல ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை காலை தனியாக உட்கார்ந்து, ஃபில்டரிலிருந்து போகும் குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டினேன். எஞ்சினை ஓடவிட்டதும் அதில் குமிழி குமிழியாக வந்தது. ஃபில்டரைத் திருகி எடுத்தேன். அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அது உட்காரும் இடத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கறுத்து, தட்டையாகி, இரும்போடு இரும்பாக இருந்தது.

பழைய ஃபில்டரைத் தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அதன் வாயில் வளையம் இல்லை. நான் கழற்றியபோது வளையம் மேலேயே தங்கிவிட்டது. அதன் மேலேயே துணியை ஓட்டி, "தொடச்சாச்சுங்க, மாட்டுங்க" என்று சொன்னதும் நான்தான். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும். தூரமாக ஓடும்போது அதிர்வில் ஒன்று விலகும்.

துடைத்தது நான் என்பது, நோட்டில் சகலை மாட்டினார் என்ற வரிக்கு முந்திய வரி. ரோட்டில் நான் அதைப் படிக்கவில்லை.

பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. காரியம் முடியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் இரண்டு வளையங்களையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய வளையத்தை வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"மாட்டறவனும் ஒருக்காப் பாத்துத்தானுங்க மாட்டோணும்" என்றார்.

"இல்லீங்க சகலை, நான் தொடச்சேன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. நான் கையை உட்டுப் பாக்குல."

வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவிக்குத் தாங்கவில்லை. "அந்த மொத வரிய அன்னிக்கு ரோட்டுல ஏனுங்க மாமா படிக்கல? பதனஞ்சு நாளா இந்த மனுசன் சோத்துல கைய வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கறாருங்க."

"உடு அம்மணி. காப்பி வை" என்றார் சகலை.

காப்பி வந்தது. குடித்தேன். வளையத்தை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றோடு ஏழு ஞாயிறு ஆகிறது. வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார், மழை பெய்ததைப் பற்றி. வீட்டுக்கு வருவதில்லை.

ஆஸ்பத்திரி தந்த தாளில் இறந்த நேரம் 11.15 என்று இருக்கிறது. அது டாக்டர் வந்து பார்த்த நேரமாகவும் இருக்கலாம். அன்று பத்து இருபதுக்கு மருந்து வாங்க வெளியே போன அக்கா, கடை கடையாக அலைந்து பதினொன்றரைக்குத் திரும்பியபோது நர்ஸ் அவரிடம், "நீங்க அந்தப் பக்கம் போனதுமே அடங்கிருச்சுங்க" என்று சொன்னாராம். அக்கா என்னிடம் சொன்னது இது. அது உண்மையானால் வண்டி நிற்காமல் ஓடியிருந்தாலும் சகலை கையால் தண்ணீர் போயிருக்காது. அந்த நர்ஸைத் தேடி நான் கொடுமுடிக்கு இரண்டு முறை போனேன். வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். அக்காவும் ஆறுதலுக்காக அப்படிச் சொல்லியிருக்கலாம். சகலையிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. உயிர் பிரிந்தது பத்தரைக்கா, பதினொன்றேகாலுக்கா என்பது இதுவரை உறுதியாகத் தெரியவில்லை.