காய்ச்சாத தீர்த்தம்

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வாசலை விட்டு இறங்கினால் காவேரி. கல்யாணமாகி வந்த இடமோ திருச்சிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில். இரண்டாவது யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. கொல்லைப்புறம் ஒரு வாய்க்கால் ஓடும். "காவேரிதானே பிரிஞ்சு வரது? அதே தீர்த்தம்தான்" என்பார் என் கணவர். பள்ளிக்கூட வாத்தியார், ஆசாரத்திலோ வாத்தியாருக்கு வாத்தியார். வீட்டில் கிணறு உண்டு. ஆனால் தோட்டத்துக்கு இறைக்கத் தோல் சால் இறங்கும் கிணறு, பெருமாளுக்கு ஆகாது. ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். விடியற்காலையில் நீராடி, ஈரத் துணியோடு செப்புக் குடத்தில் அவரே மொண்டு வருவார்.

ஆவணியில் அந்த ஓடுகிற தண்ணீரின் லட்சணத்தைப் பார்க்க வேண்டும்! சம்பா நடவுக்கு முன்பு எருக்கு, புங்கு, வேம்பு என்று வண்டி வண்டியாகத் தழையை வயலில் கொட்டி, சேற்றில் மிதித்து அழுக விடுவார்கள். பயிருக்கு அதுதான் சாப்பாடு. வயலில் நிற்கிற தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்து நாறும். பொறுத்திருந்தால் அங்கேயே தெளிந்து அடங்கிவிடும். நடவுக்கு நல்ல நாள் பார்த்துவிட்டால் யார் பொறுப்பது? மடையைத் திறந்து வாய்க்காலில் வடித்துவிடுவார்கள். மீன் குஞ்சுகள் செத்து மிதந்து போகும். "மேல இருக்கிற மனுஷாளுக்கு ஆசாரமே கிடையாது" என்று திட்டிக்கொண்டேதான் இவர் மொள்வார்.

அந்த வருஷம் எங்கள் பெண்ணுக்கு ஒன்றரை வயது. வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கண் குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் என் தோளில் கிடந்தாள். டவுன் டாக்டர் மருந்து கொடுத்து, "தண்ணியக் கொதிக்க வச்சு, ஆற வச்சுக் குடுங்க. பச்சத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்றார். அடுப்பை அணைய விடாமல் காய்ச்சினேன். கிண்ணம், பாலாடை எல்லாவற்றையும் வெந்நீரில் அலம்பினேன். தேறுகிற மாதிரி இருக்கும், மறுபடியும் போகும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஒரு நாள் காலை பூஜை முடித்து, உத்தரணியில் துளசி தீர்த்தத்தோடு இவர் வந்தார். வழக்கம் போலக் குழந்தையின் வாயில் விடக் குனிந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் தவறாமல் இது நடக்கிறது. அவளுக்குக் கொடுப்பதில் காய்ச்சாத தண்ணீர் இது ஒன்றுதான். பெருமாள் தீர்த்தமும் தண்ணீர்தான் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

உத்தரணியைத் தட்டிவிட்டேன்.

"தீர்த்தத்தைத் தட்டறயே, நோக்கு என்ன ஆயிடுத்து?"

"குடத்தை மோந்து பாருங்கோ. அந்தப் பெருமாள் மேல சத்தியமா, மோந்து பாருங்கோ."

மோந்தார். குடத்தைக் கவிழ்த்துக் கொட்டி, அதை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தார். மேலே போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார். முதலில் வந்தது குத்தகைக்கு விட்டிருந்த எங்கள் வயல். நடவுக்கு நாள் பார்த்துக் கொடுத்தவர் இவரேதான். அந்த நாளுக்காகக் குத்தகைக்காரர் மடையைத் திறந்துவிட்டிருந்தார். கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அடைக்கச் சொல்லிவிட்டு மேலும் நடந்தார். அதற்கு மேலே இன்னொருவர் மடை. அதற்கும் மேலே இன்னொன்று.

வெயில் ஏறிய பிறகு வெறுங்குடத்தோடு திரும்பினார். "நாமளும்தான் விட்டுண்டிருந்திருக்கோம்" என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எங்கள் நடவு தள்ளிப் போனது. மற்ற மடைகள் திறந்தே கிடந்தன. ஒரு மடையை அடைத்து வாய்க்கால் தெளிந்துவிடுமா?

மறுநாள் விடியற்காலையில் கிணற்றடியில் சத்தம். இவர்தான் இறைத்துக்கொண்டிருந்தார். என் அடுப்பில் கொண்டுவந்து வைத்து, கொதிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். ஆறிய பிறகு அதிலேயே பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆயிற்று. பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.

உத்தரணியோடு வந்தவர் குழந்தையிடம் குனியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அதுவரை அவர் எதற்கும் என்னைக் கேட்டதில்லை.

"குடுக்கலாமோ?" என்றார்.

தலையாட்டினேன். குழந்தை வாயைத் திறந்தாள். அதற்கப்புறம் அவளுக்கு வயிற்றுப்போக்கு திரும்பவில்லை.