தலைமாட்டில் மலை

மாமாவின் சவரக் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. உள்ளங்கை அகல வட்டம். பின்புறத் தகரம் துருவேறி, ரசம் ஓரமாய் உதிர்ந்து, முகம் பார்க்க லாயக்கில்லாத கண்ணாடி. முகம் பார்க்க மாமாவும் அதைக் கேட்கவில்லை.

மாமா தென்காசியில் பொதுப்பணித்துறை எஞ்சினியராக இருந்தவர். எழுபதுகளில் அத்தை மதுரை ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு கிடந்தபோது அவள் கண்ணுக்கு எட்டியதெல்லாம் ஒரு மின்விசிறியும் அதன்மேல் தொங்கிய ஒட்டடையும்தான். "மழ பெய்யுதா, மழ பெய்யுதான்னு பக்கத்துக் கட்டில்காரிகிட்ட கேட்டுக் கேட்டே செத்துப்போனா" என்பார் மாமா. வேறெந்தத் துக்கத்தையும் அவர் பேசி நான் கேட்டதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், டாக்டர்கள் கைவிரித்துவிட்டவர்கள் கடைசி நாள்களைக் கழிக்கக் குற்றாலத்தில் ஓர் இல்லம் கட்ட அறக்கட்டளை ஒன்று முன்வந்தது. ஓய்வுபெற்ற கையோடு, பிளான் நான் போடுகிறேன் என்று போய் நின்றார்.

மனை மலைக்கு வடக்கே. வெற்று மண்ணில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வெயிலில் மல்லாந்து கிடந்து, ஜன்னலின் உயரத்தைப் படுத்தவன் கண்ணை வைத்தே குறித்தார். நிற்பவனுக்கு அந்த ஜன்னல் முழங்காலில் தொடங்கும். கொத்தனார்கள் சிரித்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் அரைச்சுவர். வடக்கே தலைமாடு, தெற்கே கால்மாடு, கால்மாட்டில் ஜன்னல், ஜன்னல் நிறைய மலை, மலையின் நடுவே வெள்ளை நூலாய் அருவி. வடக்குச் சுவரில் ஒரு துளைகூட வைக்கவில்லை. பார்வை சிதறக் கூடாதாம்.

வடக்கே தலை! எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளையைக்கூட அப்படிப் போடமாட்டார்கள். பிளானைப் பார்த்த அன்றே அம்மா சொன்னாள். மாமா சிரித்தார். "எக்கா, எமன் என்ன தபால்காரனா, தல எந்தப் பக்கம்னு விலாசம் பாத்து வாரதுக்கு?" மலையைக் கண்ணில் காட்டிவிட்டால் மனிதனுக்குத் திசை மறந்துபோகும் என்று நம்பினார். படித்தவர்களுக்கே வாய்க்கிற மூடநம்பிக்கை அது.

திறந்த வாரமே கட்டில்கள் திரும்பின. அச்சன்புதூரிலிருந்து தகப்பனைக் கொண்டுவந்திருந்த சம்சாரி ஒருவர் மரியாதையாகவே சொன்னார்: "எங்கய்யா பொழைக்க மாட்டாருன்னு எங்களுக்கும் தெரியும் அண்ணாச்சி. அதுக்காவ நாங்களே வடக்க தல வெச்சுத் தள்ளிவிட முடியுமா?" அரைச்சுவர்களுக்கு நடுவே கட்டிலைக் குறுக்கே போடவும் இடமில்லை. தலைமாட்டில் மலை, கண்ணெதிரே வெள்ளைச் சுவர் என்று ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள். சாரல் வந்து உச்சந்தலையை நனைத்ததுதான் மலையோடு அவர்களுக்கு வாய்த்த ஒட்டும் உறவும். மாமா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

எண்பதுகளின் கடைசியில் தொண்டையில் கட்டி வந்து, குரல் போய், அவரையே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அம்மா முதல் வேலையாகக் கட்டிலைத் திருப்பினாள். மலையைப் பார்க்கத்தானே அவர் இதைக் கட்டினார் என்று நான் சண்டை போட்டேன்.

"ஏட்டி, எந்தம்பிய நானே வடக்க தல வெச்சுக் கெடத்துனேன்னு காலம்பூரா நெனச்சுக் கெடக்கவா? நீ கெடப்பியா?"

அவளிடம் இருந்தது வாதமல்ல, பயம். பயத்தோடு வாதாடி ஜெயித்தவர் யார்?

மாமா கன்னத்தில் விரலை இழுத்துக் காட்டினார். சவரம் என்று எண்ணி சோப்பும் பிளேடும் கண்ணாடியும் கொண்டுபோனேன். சோப்பைத் தள்ளிவிட்டார். கண்ணாடியை முகத்துக்கு மேலே தூக்கி, சாய்த்துச் சாய்த்து எதையோ தேடினார். கை நின்றது. அவர் தலையோடு தலைவைத்துப் பார்த்தேன். உள்ளங்கை வட்டத்துக்குள் இடம் வலம் மாறிய மலை, பச்சையும் ஈரமுமாய், அருவியோடு. மாமாவின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினேன். அடுத்த ஞாயிறு வந்தபோது கண்ணாடி அவள் பைக்குள் இருந்தது. கோணிப்போன முகத்தைப் பார்த்துப் பார்த்து அவன் மருகுதான், அதான் எடுத்துட்டேன் என்றாள். மலையைப் பார்க்கிறார் என்று சொன்னேனே அம்மா, என்றேன்.

"மலையப் பாத்து எவனாவது அழுவானாட்டி?"

பையைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை, மூச்சும் இல்லை. எதிரே, துளையில்லாத அவருடைய சுவர்.

இல்லம் நொடித்துக் கைமாறி இப்போது லாட்ஜ். அரைச்சுவர்களைக் கூரைவரை ஏற்றி அறைகளாக்கியிருக்கிறார்கள். போன ஆனியில் போயிருந்தேன். "படுத்துக்கிட்டே அருவி பாக்கலாம் மேடம், குத்தாலத்துல வேற எங்கயும் இப்படி வியூ கெடையாது" என்று சாவியைத் தந்தார் வரவேற்பில் இருந்தவர். கட்டில்களெல்லாம் வடக்கே தலைமாடு. யாரும் திருப்பச் சொல்வதில்லையாம். சாவு நினைப்பு இல்லாதவனுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான்.

படுத்தேன். மாமா குறித்த உயரத்தில், விரற்கடை பிசகாமல், மலை. பார்க்கப் பொறுக்கவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து முகத்துக்கு மேலே தூக்கிச் சாய்த்தேன். ரசம் போன வட்டத்துக்குள் வடக்குச் சுவர் நின்றது, வெள்ளையாய்.